பார்க்கும் கண்ணும் பதில் சொல்லும் கடமையும்

(வாசுதேவநல்லூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1963ஆம் ஆண்டு அ. காசிலிங்கம் இயக்கத்தில் 'கலை அரசி' என்ற படம் வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். வேற்றுக் கோளிலிருந்து விண்கலத்தில் இறங்கி வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அந்தக் கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கடத்தலுக்கு முன்னால் வரும் பகுதியைத்தான் நான் பேச எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கோளில் அறிவியல் வளர்ந்திருக்கிறது, கலை வளரவில்லை. பாட்டுச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அதற்காக அவர்கள் ஒரு திரையின் முன் நின்று, பூமியில் பாடுகிறவர்களை வரிசையாகப் பார்க்கிறார்கள். வாணி என்ற பெண் (பானுமதி) சிக்குகிறாள். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. பார்த்தார்கள், தேர்ந்தெடுத்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டிராத மக்கள் கொட்டகையில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். விட்டலாச்சார்யா படத்து மாயக்கண்ணாடியைப் போல அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மாயக்கண்ணாடியில் மந்திரவாதி ஒருவனைத்தான் தேடுவான். இந்தத் திரையோ எல்லோரையும் பார்த்து, எல்லோரையும் எடைபோட்டு, வேண்டியவரைப் பிரித்தெடுக்கிறது. இன்று நாம் கண்காணிப்புத் தொழில்நுட்பம் என்று சொல்வதன் முழு இயக்கமும் அந்தப் பழைய படத்தில் இருக்கிறது. அறிவியல் புனைகதைப் படங்களை ராக்கெட்டுக்காகவும் ரோபோவுக்காகவும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டதால் இதை நாம் கவனிக்கவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' 1936இல் வந்தது. தொழிலாளி ஒருவன் கழிவறைக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறான். சுவரில் பெரிய திரை ஒளிர்ந்து முதலாளியின் முகம் தோன்றுகிறது. வேலைக்குப் போ என்று அதட்டுகிறது. அந்தப் படத்தில் மனிதர்கள் ஏறக்குறைய முழுக்க மௌனம். பேச்சுக் குரல் பெரும்பாலும் இயந்திரங்களின் வழியாகவே வருகிறது. அந்தத் திரையில் முதலாளி தொழிலாளியைப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார். தொழிலாளி முதலாளியின் அறையைப் பார்க்க வழியில்லை; திருப்பிக் கேட்கவும் வழியில்லை. கண்காணிப்பின் இயல்பை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. பார்வை ஒரு பக்கமாக மட்டும் ஓடுகிறது. பார்க்கிறவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்று நான் பேசப்போவது முழுவதும் இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான்.

இதை வாசுதேவநல்லூரில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. புலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான். உங்கள் ஊரிலிருந்த கோட்டை 1761இல் யூசுப் கானிடமும், 1767இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் தலைமையில் வந்த கும்பினிப் படையிடமும் வீழ்ந்த கோட்டை. அந்தக் காலத்து நெல்லைச் சீமையில் காவல் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஊர் அளவில் ஸ்தலகாவல், அதற்கு மேல் தேசகாவல். குடிகள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் ஊரையும் வயலையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் இழப்பை அவரே ஈடுகட்ட வேண்டும்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. காவல்கூலி மிரட்டல் வசூலாக மாறிய ஊர்கள் உண்டு. காப்பவர் யார், காக்கப்படுபவர் யார் என்பதில் சாதியும் இருந்தது. ஆனாலும் அதன் நடுவே இருந்த நிபந்தனையைக் கவனியுங்கள்: பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன், பார்க்கத் தவறியதற்குத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இன்று கடைவாசலிலும் பேருந்து நிலையத்திலும் தொங்கும் கேமராக்களில் எதற்காவது அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா? 2020இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னை உலக நகரங்களிலேயே முதலிடத்தில் இருந்தது. காவல்துறை இதற்கு மூன்றாவது கண் என்று பெயர் வைத்தது. அந்தக் கண் குற்றவாளிகளைப் பிடிக்க உதவியிருக்கிறது, சங்கிலி பறித்தவனைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதை மறுப்பது நேர்மை ஆகாது. கேமராவே கூடாது என்று நான் வாதிடவில்லை. கோவை மதுக்கரையில் 2024 பிப்ரவரி முதல் 12 கோபுரங்களில் வைத்த கேமராக்கள், தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டு ரயில் ஓட்டுநருக்குச் சொல்கின்றன. அப்படியொரு கண்ணை யார் வேண்டாம் என்பார்கள்? அங்கே பொறுப்பு யாருடையது என்பது தெளிவு. யானை அடிபட்டால் வனத்துறையும் ரயில்வேயும் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்லும் கடமை அறுந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் கற்பனையைத் தேடிப் போக வேண்டாம். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்தாலே போதும், நீ குற்றவாளிப் பட்டியலில் இருப்பாய். கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்த ஆண்களின் நினைவு மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் அழியவில்லை. ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயாக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் இறந்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

இப்போது ஸ்பீல்பெர்க்கின் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தை நினைத்துப் பாருங்கள். 2002இல் வந்தது, பிலிப் கே. டிக் 1956இல் எழுதிய கதையை ஒட்டியது. 2054ஆம் ஆண்டு வாஷிங்டனில், கொலை நடப்பதற்கு முன்பே கொலைகாரனைப் பிடிக்கும் ஒரு காவல் பிரிவு இருக்கிறது. தெருவெங்கும் கருவிழியைப் படிக்கும் கருவிகள். படம் எடுக்கும் முன் ஸ்பீல்பெர்க் பல துறை அறிஞர்களைக் கூட்டி, வருங்காலம் எப்படி இருக்கும் என்று விவாதித்ததைப் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு வியப்பைவிட வருத்தம்தான் அதிகம். குற்றத்துக்கு முன் தண்டனை என்ற கருத்தை அமெரிக்கா 2054இல் வைத்துக் கற்பனை செய்தது. நம் பாட்டன்மார் அதை 1911 முதல் உடம்பில் தாங்கினார்கள். படத்தில் வரும் காவல் பிரிவுக்குக் குறிப்பிட்ட ஒரு கொலையின் முன்காட்சியாவது தேவைப்பட்டது. பழைய சட்டத்துக்குப் பிறப்பு மட்டுமே போதுமானதாக இருந்தது. கண்காணிப்பைப் பற்றி அறிவியல் புனைகதைப் படம் எடுக்கத் தகுதியான அனுபவம் உலகத்தில் யாருக்காவது உண்டென்றால் அது நமக்கு உண்டு. ஆனால் அந்தப் படத்தை நாம் எடுக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் கதை முடியவில்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஏடு திறந்து, நள்ளிரவில் கதவைத் தட்டி, வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962 டிசம்பரில் வந்த தீர்ப்பு இரவில் வீடு புகுவதைத் தடுத்தது. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்பதை ஏற்கவில்லை. அதை ஏற்க 2017 ஆகஸ்ட் 24 வரை, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொல்லும் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவு, அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது. மிக அதிகமாகப் பார்க்கிறவருக்கே பதில் சொல்வதிலிருந்து விலக்கு. இது தவறு என்று இந்த மேடையில் நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

பார்வை பிழைபடும்போது என்ன ஆகும் என்பதற்கு டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' படத்துக்கு நிகர் இல்லை. 1985இல் வந்தது. ஓர் அரசு அலுவலகத்தில் அச்சிடும் இயந்திரத்துக்குள் ஒரு பூச்சி விழுகிறது. டட்டில் என்ற பெயர் பட்டில் என்று அச்சாகிறது. அன்றிரவு பட்டிலின் வீட்டுக்குள் புகுந்து அவனை இழுத்துப் போகிறார்கள். விசாரணையில் அவன் செத்துப்போகிறான். பிறகு அலுவலகத்துக்கு ஒரு கணக்குச் சிக்கல்: விசாரணைச் செலவு தவறான ஆளின் கணக்கில் ஏறிவிட்டது. எனவே விதவைக்குப் பணத்தைத் திருப்பித் தரும் காசோலையை எடுத்துக்கொண்டு ஓர் அதிகாரி போகிறான். என் கணவரின் உடலை என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்கிறாள். அவனிடம் அதற்குப் படிவம் இல்லை.

படத்தை விட்டு நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாடு காவல்துறை 2021இல், சி-டாக் கொல்கத்தா மையம் உருவாக்கிய முக அடையாள மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சாலையில் நிறுத்தி கைபேசியில் முகத்தைப் படமெடுத்தால், பதிவேட்டிலுள்ள முகங்களோடு அது ஒப்பிடும். தில்லியில் இதே வகை ஏற்பாட்டைப் பற்றி 2019இல் மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் தில்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது என்ன தெரியுமா? துல்லியம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும்கூட அது பிரித்தறியவில்லை. 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதிலில், 80 விழுக்காடு ஒத்துப்போனால் அதைச் சரியான அடையாளமாக எடுத்துக்கொள்வதாகத் தில்லி போலீஸ் தெரிவித்தது. மீதி இருபதில் நிற்கும் மனிதர்கள் யார்? திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. அரசனுக்கு ஒற்றன் வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட நூலே, ஒற்றைக் கண்ணை நம்பவில்லை.

எழுத்தாளர் சுஜாதா இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்திருந்தார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் குடிமக்களின் பெயர், பிள்ளைப்பேறு எல்லாமே அரசின் கணினியிடம். நிலாவின் கணவன் சிபி ஒருநாள் காணாமல் போகிறான். அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். நாட்டை ஆளும் ஜீவா கடைசியில் மனிதரே இல்லை, வெறும் ஒளியுருவம் என்று தெரிகிறது. யாரிடம் போய் முறையிடுவது? ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை நினைவில் வைத்துக்கொண்ட நாம், முறையிட ஆளில்லாத அந்த ஆட்சியை மறந்துவிட்டோம்.

இந்த ஆட்சி நம் ஊருக்கு முகக் கருவியாக வருவதற்கு முன்பே வேறு உருவில் வந்துவிட்டது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் செயலி வழியாக வருகைப்பதிவு கட்டாயமானது. ஒரே நாளில் இரண்டு முறை, இடக்குறியீட்டோடு, தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் சிக்னல் எப்படிக் கிடைக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாயில் மண் வெட்டியது உண்மை, படம் ஏறாததும் உண்மை. கூலி படத்தைத்தான் நம்பும். முறைகேடாவது நின்றதா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும் படத்தையே படமெடுத்து ஏற்றிய படங்களும் வந்திருப்பதாகச் சொன்னது. ஏமாற்றுகிறவன் செயலியைத் தாண்டிப் போய்விட்டான். வெயிலில் நின்றவள் இரண்டாவது படத்துக்காக மறுபடியும் காத்து நின்றாள்.

ரேஷன் கடையில் கைரேகை. கடையநல்லூர், ஆலங்குளம் பக்கமெல்லாம் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர்! ஆயுள் முழுக்க இலையைத் தேய்த்த விரலுக்கு ரேகை எங்கே இருக்கும்? "ரேகை விழல, அப்புறம் வாங்க" என்ற சொல்லைக் கேட்காத வயதானவர்கள் குறைவு. கருவிழி காட்டும் கருவி பிறகு வந்தது நல்லதுதான். ஆனால் ரேகை விழாமல் திரும்பிப்போன நாளுக்கு எந்த இயந்திரமும் ஈடு தரவில்லை. சாப்ளினின் தொழிலாளி கழிவறைச் சுவரில் கண்ட முகத்துக்கு ஒரு முதலாளியாவது இருந்தார்.

பெண்களுக்கு இந்தப் பார்வை என்ன செய்கிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். ஷங்கரின் 'எந்திரன்' படத்தில் (2010) எல்லோரும் ரசித்த காட்சிகளுக்கு நடுவே ஒரு கொடிய காட்சி உண்டு. தீப்பிடித்த குடியிருப்பிலிருந்து சிட்டி என்ற ரோபோ எல்லோரையும் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கேமராக்களின் முன் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றியாயிற்று என்பது இயந்திரத்தின் கணக்கு. அவள் வெட்கம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ஷங்கர் படங்களில் மிக ஆழமான காட்சி இதுதான் என்பது என் கருத்து. அந்தப் பெண்ணைக் கொன்றதில் சிட்டிக்கு மட்டுமா பங்கு? படம்பிடித்துக்கொண்டே நின்றவர்களுக்கும் பங்கு உண்டு.

இது கதையோடு போகவில்லை. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளைக் கணக்கெடுக்க வைத்த தானியங்கி கேமராக்களைப் பற்றி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 2024இல் ஆய்வு வெளியிட்டார். காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் பதிந்து, சமூக ஊடகங்களில் சுற்றியிருக்கிறது. அவர் ஆட்டிசம் உள்ளவர். அதன் பிறகு, விறகும் புல்லும் எடுக்கப் போகும் பெண்கள் கேமராவுக்கு அஞ்சிப் பழகிய தடத்தை விட்டு உள்காட்டுக்குப் போனார்கள். விலங்குகள் விலகிப் போவதற்காகக் கூட்டமாகப் பாடிக்கொண்டு போகிற வழக்கமும் தணிந்தது. கேமரா பார்ப்பதால் பாட்டு நின்றது. பாட்டு நின்றதால் புலிக்கு அருகில் போனார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவிலும் புலிகள் காப்பகங்கள் உண்டு, தானியங்கி கேமராக்களும் உண்டு. காட்டு விலங்கைக் கணக்கெடுக்கட்டும். மனிதர் பதிவானால் அந்தப் படத்தை என்ன செய்வார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்களுக்காகவே எடுத்தது போன்ற ஒரு படத்தைச் சொல்கிறேன். அலெக்ஸ் ரிவேரா 2008இல் எடுத்த 'ஸ்லீப் டீலர்'. மெக்சிகோவில் வறண்ட ஒரு கிராமம். ஆற்றை ஒரு நிறுவனம் அணைகட்டி மறித்துவிட்டது. தங்கள் ஆற்றுத் தண்ணீரையே அப்பாவும் மகனும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அணையின் வாயிலில் கேமராவும் துப்பாக்கியும். மகன் ஆசைக்காக ஒரு ரேடியோ செய்து ஒலிகளை ஒட்டுக்கேட்கிறான். அதைத் தீவிரவாதிகளின் வேலை என்று எடுத்துக்கொண்டு, எங்கோ உட்கார்ந்திருப்பவன் ஒரு ட்ரோனை ஏவுகிறான். அப்பா சாகிறார். அது தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. செண்பகவல்லி அணை உடைந்து கிடப்பதைச் சொல்லிச் சொல்லி அலுத்த விவசாயிகள் உள்ள ஊர் இது. தண்ணீரும் கண்காணிப்பும் ஒரே கதையாக முடியும் என்பது உங்களுக்குப் புரியும் அளவுக்குப் பெருநகரத்தில் இருப்பவருக்குப் புரியாது.

தமிழ் சினிமா இந்தப் பக்கம் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. பி.எஸ். மித்ரனின் 'இரும்புத்திரை' 2018 மே மாதம் வெளியானது. தங்கை கல்யாணத்துக்காக வாங்கிய கடன் பணம் வங்கிக் கணக்கிலிருந்து மறைகிறது. நம் விவரங்கள் எப்படி விலைபோகின்றன என்பதைப் படம் சாமானியனின் பக்கமிருந்து காட்டியது. அதற்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் அங்கே குற்றம் ஒரு வில்லன் தலையில் இறங்கிவிடுகிறது. நாயகன் அவனை வென்றதும் எல்லாம் சரியாகிவிட்டது போன்ற ஆறுதலோடு எழுந்து வருகிறோம். மற்றப் பெரும்பாலான படங்களில் கேமராப் பதிவு போலீஸ் நாயகனின் ஆயுதம். திரைகள் நிறைந்த அறையில் அவர் நின்று, பெரிதாக்கு என்கிறார்; குற்றவாளியின் முகம் தெளிவாக வருகிறது. தவறான முகம் வந்த படம் எத்தனை? பிடிபட்டவன் அப்பாவி என்று தெரிந்த பிறகு அவன் வீட்டுக்கு யார் போனார்கள் என்று காட்டிய படம் எத்தனை?

மாணவர்களே, அதை நீங்கள் எடுக்க வேண்டும். கோடிகள் வேண்டும் என்று நினைக்காதீர்கள். கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) 28 நிமிடம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களை வரிசையாக வைத்து எடுத்தது. கோதார் 'ஆல்ஃபாவில்' படத்துக்கு (1965) வருங்கால நகரம் எதையும் கட்டவில்லை. அன்றைய பாரிஸின் கட்டடங்களை இரவில் படமெடுத்தார். ஜார்ஜ் லூகாஸ் தன் முதல் படத்துக்கு, சான் பிரான்சிஸ்கோவில் கட்டி முடிக்காத ரயில் சுரங்கங்களைப் பயன்படுத்திக்கொண்டார். உங்களிடம் கைபேசி இருக்கிறது. ரேஷன் கடை வரிசையும், சிக்னல் தேடிக் கைபேசியை உயர்த்திப் பிடிக்கும் பணித்தளப் பொறுப்பாளரும், காட்டுப்பாதையில் மரத்தில் கட்டிய கேமராவும் இருக்கின்றன. வருங்காலத்தைக் காட்ட இவற்றுக்கு மேல் என்ன அரங்க அமைப்பு வேண்டும்?

கதைக்குமுன் ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது; விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய்தான். உங்கள் ஊரில் பொது இடத்தில் உள்ள கேமராக்களின் பதிவு யார் பொறுப்பில் இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யாரெல்லாம் பார்க்கலாம், தவறான ஆளைப் பிடித்தால் முறையீட்டை யாரிடம் கொடுப்பது என்று எழுதிக் கேளுங்கள். ஆசிரியர்கள் உடனிருந்து விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்கள். வருகிற பதிலையும், வராத பதிலையும் வைத்து முதல் திரைக்கதையை எழுதத் தொடங்குங்கள்.